முத்தும் பவளமும்: திருக்குர்ஆனின் சொல்வன்மையும் சூழலும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில் குரும்பூரைக் கடந்ததும் ஆறுமுகநேரி. அதற்கு அடுத்த நிலையம் காயல்பட்டணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே உப்பளங்களும், உடைமரங்களும், வெள்ளை மணலும். உப்பளத்தில் நம் சபையாரும் இஸ்லாமியரும் இந்துக்களும் ஒரே வெயிலில் நிற்கின்றனர்; ஒரே கடையில் தேநீர் அருந்துகின்றனர். ஆயினும் அண்டை வீட்டாரின் வேதத்தை நம் சபையாரில் எத்தனை பேர் ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கின்றனர் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாய் இராது. குருவானவர்களாகிய நம்மைக் குறித்துக் கேட்டாலும் அப்படியே.

இதனைப் பிறர்மேல் பழியாகச் சொல்லவில்லை. ஆறுமுகநேரிப் பகுதியில் நாம் பணியாற்றிய நாட்களில் ஒரு திறந்தவெளிக் கூட்டத்தில் அருளுரை ஆற்றினோம். அன்பைக் குறித்துப் பேசிவந்த நாம், ஒப்புநோக்குவதற்காகத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து ஐந்தாம் வசனத்தை எடுத்துரைத்தோம். இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுமாறு கட்டளையிடும் வசனம் அது. ஒரு துண்டுப் பிரசுரத்தில் கண்டதேயன்றி, நாமாக நூலைத் திறந்து படித்ததன்று. கூட்டத்தார் தலையசைத்தனர். மறுநாள் காலை, காயல்பட்டணத்தைச் சேர்ந்த முதியவரான ஆலிம்சா ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார். கோபம் இல்லை. அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஐயா, நேற்று ஐந்தாம் வசனத்தைச் சொன்னீர்கள். ஆறாம் வசனத்தையும் வாசித்திருக்கலாமே” என்றார். அவ்வளவே.

அவர் சென்றபின் ஆறாம் வசனத்தைத் தேடிப் படித்தோம். அந்த இணைவைப்போரில் எவனேனும் அடைக்கலம் கேட்டு வந்தால் அவனுக்கு அடைக்கலம் தரவேண்டும், இறைவனின் சொல்லைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும், பின்னர் அவனைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவதை மீறியவராக நாம் அன்று நம்மைக் கண்டோம். பொய்ச்சாட்சி என்பது இல்லாததைச் சொல்வது மட்டுமன்று. இருப்பதில் பாதியை வெட்டிச் சொல்வதும் அதுவே. இக்கட்டுரை அன்று தொடங்கிய வாசிப்பின் விளைவாகும்.

முதலாவது, சூழல். நம் இறையியல் மாணவர்க்குச் சூழல் என்னும் சொல் புதியதன்று. ஒரு சங்கீதத்தையோ இறைவாக்கினர் உரையையோ எடுத்தவுடன் அதன் வாழ்க்கைச் சூழல் யாது என்று கேட்க குங்கெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் வழியாகப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறோம். இஸ்லாமிய அறிஞர் அதே வினாவை நமக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே எழுப்பினர் என்பதைத்தான் நாம் அறியாதிருக்கிறோம். ஒவ்வொரு வசனமும் எந்த நிகழ்ச்சியை ஒட்டி அருளப்பட்டது என்று ஆராயும் துறைக்கு ‘அஸ்பாபுன் நுஸூல்’, அதாவது இறங்கிய காரணங்கள், என்று பெயர். 11ஆம் நூற்றாண்டில் வாஹிதீ என்பவர் இத்துறைக்கெனவே ஒரு நூல் செய்தார். 1505ஆம் ஆண்டில் காலமான எகிப்திய அறிஞர் சுயூத்தி, ‘அல் இத்கான்’ என்னும் தம் பெருநூலில் குர்ஆன் கலைகள் அனைத்தையும் தொகுத்தபோது மக்காவில் அருளப்பட்டவை எவை, மதீனாவில் அருளப்பட்டவை எவை என்பதையே முதலில் எடுத்துக்கொண்டார்.

நூலின் வரிசை காலவரிசையன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 114 அத்தியாயங்களும் பெரும்பாலும் நீண்டவை முன்னும் குறுகியவை பின்னுமாக அடுக்கப்பட்டுள்ளன. இது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பவுலின் நிருபங்களும் ஏறத்தாழ நீளத்தின்படியே ரோமரிலிருந்து பிலேமோன் வரை அடுக்கப்பட்டவை என்பதை நம் சபையார் எத்தனை பேர் அறிவர்? 1860ஆம் ஆண்டில் நோல்டெக்கே என்னும் ஜெர்மானியர் மொழிநடையை அளவுகோலாகக் கொண்டு அத்தியாயங்களைக் காலவரிசைப்படுத்த முயன்றார். முந்திய மக்கா அத்தியாயங்கள் குறுகியவை. மூச்சு வாங்கும் வேகமுடையவை. சூரியன்மேலும் வைகறைமேலும் இரவின்மேலும் ஆணையிட்டுத் தொடங்குபவை. பிந்திய மதீனா அத்தியாயங்கள் நீண்டவை. திருமணம், வாரிசுரிமை, போர், உடன்படிக்கை எனச் சமுதாய வாழ்வைச் சட்டமாக்குபவை. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்துக்கு முன் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மை, அதற்குப் பின் ஆளும் பொறுப்பேற்ற சமுதாயம் என்னும் வேறுபாடு சொல்லின் நடையிலேயே கேட்கிறது.

இனி, நாம் தவறிய அந்த ஒன்பதாம் அத்தியாயத்தை நோக்குவோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 631இல், அபூபக்கர் தலைமையில் நடந்த ஹஜ் கூட்டத்தில் அலீ இதன் தொடக்கப் பகுதியை அறிவித்ததாக மரபு கூறுகிறது. முதல் வசனங்கள் உடன்படிக்கை செய்திருந்த அரபு இணைவைப்போரைக் குறித்தவை. நான்கு மாதத் தவணை தரப்படுகிறது. உடன்படிக்கையை மீறாதவர்க்கு அதன் காலம் முடியுமட்டும் அது காக்கப்பட வேண்டும் என்று நான்காம் வசனம் விலக்களிக்கிறது. பின்னரே ஐந்தாம் வசனம். அதிலும் மனந்திரும்பினால் வழிவிடுமாறு முடிவு. ஆறாவது அடைக்கலம். பதின்மூன்றாம் வசனம், இவர்கள் ஆணைகளை முறித்தவர்கள், முதலில் தாக்கியவர்கள் எனக் காரணம் காட்டுகிறது. ஆகவே இது எல்லாக் காலத்து எல்லா அயலாரையும் குறித்த பொதுக்கட்டளை என்று படிப்பது வசனத்தின் இருபுறமும் உள்ள வசனங்களுக்கு முரணாகும்.

எனினும் இங்கே நாம் அவசரப்பட்டு முடிவுகட்டிவிடலாகாது. ‘எல்லாம் சூழலைப் பொறுத்தது’ என்று கூறிச் சிக்கலைக் கரைத்துவிடுவது நேர்மையன்று. இடைக்கால உரையாசிரியர் சிலர், இவ்வைந்தாம் வசனம் பொறுமையையும் மன்னிப்பையும் போதிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட வசனங்களை நீக்கிவிட்டது என்றே எழுதினர். வேறு அறிஞர் அதனை ஏற்கவில்லை. நீக்கப்பட்டவை என்று கொள்ளத்தக்கன இருபது அளவில் மட்டுமே என்று சுயூத்தி குறைத்தார். 18ஆம் நூற்றாண்டில் டில்லியில் வாழ்ந்த ஷா வலியுல்லாஹ் அதனை ஐந்தாகக் குறைத்தார். அன்றியும், சட்ட அறிஞரிடையே பரவலாக வழங்கும் ஒரு விதி உண்டு: ஒரு வசனம் எழுந்த காரணம் குறிப்பிட்டதாயினும் அதன் சொல் பொதுவாயின் பொதுமையே கொள்ளப்படும். எனவே சூழலைக் காட்டியவுடன் முஸ்லிம் அறிஞர் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவர் என்று எண்ணலாகாது. அதே அத்தியாயத்தின் 29ஆம் வசனம் வேதம் அருளப்பெற்றோரைக் குறித்துப் பேசி, ஜிஸ்யா வரியைக் கூறுகிறது. அது தபூக் படையெடுப்பின் சூழலோடு இணைத்துச் சொல்லப்படுவதாயினும், கிறிஸ்தவராகிய நமக்கு இலகுவான வசனமன்று. அதனை இலகுவாக்கிக் காட்ட நாம் முற்படவில்லை. அதையும் அதன் இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது மட்டுமே நம் வேண்டுகோள்.

1919 முதல் 1988 வரை வாழ்ந்த பாகிஸ்தானியரான ஃபஸ்லுர் ரஹ்மான் இவ்விரு முனைகளுக்கும் பாலமிட முயன்றார். நிகழ்காலத்திலிருந்து வசனம் எழுந்த சூழலுக்குச் சென்று அங்கே அதன் அறநோக்கத்தைக் கண்டறிதல், அந்நோக்கத்தோடு மீண்டும் நிகழ்காலத்திற்குத் திரும்புதல் என்னும் இரட்டை அசைவை அவர் முன்வைத்தார். நம் அருளுரை ஆயத்தத்தில் நாம் செய்வது இதுவன்றி வேறென்ன?

இரண்டாவது, சொல்வன்மை. இதுவே நம் வாசகர் பெரிதும் தவறவிடும் பகுதி; ஏனெனில் நாம் மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் வெளிவந்த நாள் முதலாக, தமிழில் உள்ளதே நமக்குத் திருமறை. இஸ்லாமியர்க்கோ மொழிபெயர்ப்பு விளக்கமேயன்றிக் குர்ஆன் அன்று. குர்ஆன் என்னும் சொல்லே ஓதுதல் என்று பொருள்படும். அது கண்ணுக்கு முன் செவிக்கு உரியது. இதைப்போல் ஓர் அத்தியாயத்தையேனும் கொண்டுவாருங்கள் என்று அந்நூல் எதிரிகளை அறைகூவி அழைக்கிறது. இந்த ஒப்பற்ற தன்மையை ‘இஃஜாஸ்’ என்பர். அதை நிலைநாட்டும் முயற்சியிலேயே ‘பலாகா’ என்னும் அரபு அணியிலக்கணம் செழித்தது. நமக்குத் தண்டியலங்காரம் போன்றது என்று மாணவர் கொள்ளலாம். ஆனால் தண்டியலங்காரம் அரசவைக் கவிதைக்காக எழுந்தது, பலாகாவோ வேதத்தின் வாயிலில் வளர்ந்தது.

11ஆம் நூற்றாண்டின் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ இத்துறையின் பேராசான். அழகு தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று புணரும் அமைப்பில் உள்ளது என்பது அவர் கோட்பாடு. அவர் காட்டும் சான்று நமக்கு நெருக்கமானது: பத்தொன்பதாம் அத்தியாயத்தில் யோவான் ஸ்நானனின் தந்தையாகிய சகரியா முதுமையில் வேண்டும் இடம். தம் தலை நரையால் பற்றியெரிவதாக அவர் கூறுகிறார். நரையைத் தீயாக உருவகித்தது மட்டும் சிறப்பன்று என்கிறார் ஜுர்ஜானீ. நரை தலையில் பற்றியது என்னாமல், தலையே பற்றியெரிந்தது என்று எழுவாயை மாற்றியதில்தான் ஆற்றல். வீட்டில் தீப்பற்றியது என்றால் ஒரு மூலையாக இருக்கலாம். வீடு பற்றியெரிந்தது என்றால் எஞ்சியது ஒன்றுமில்லை. தமிழில் இந்நுட்பம் அப்படியே செல்லுகிறது. எல்லா நுட்பமும் அவ்வாறு செல்லுவதில்லை.

இன்னொன்று ‘இல்திஃபாத்’, முகத்தைத் திருப்புதல். பேச்சின் நடுவே தன்மை, முன்னிலை, படர்க்கை மாறுதல் இது. புதிதாய்ப் படிப்பவர் இதைக் கண்டு நூல் சிதறுண்டது என்கின்றனர். முதல் அத்தியாயமாகிய ஃபாத்திஹாவை எடுத்துக்கொள்வோம். ஏழே வசனம். தொடக்கத்தில் இறைவனைக் குறித்துப் படர்க்கையில் புகழ்ந்துவந்த அடியான், ஐந்தாம் வசனத்தில் திடீரென்று நேர்நின்று உன்னையே வணங்குகிறோம் என்னும் பொருளில் பேசத் தொடங்குகிறான். புகழ்ந்துகொண்டே வந்தவன் சந்நிதிக்குள் வந்துவிட்டான் என்று உரையாசிரியர் விளக்குவர். இது சிதறலாயின், நம் இருபத்துமூன்றாம் சங்கீதமும் சிதறலே. அங்கும் மேய்ப்பரைக் குறித்துப் படர்க்கையில் பேசிவந்த சங்கீதக்காரன், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தவுடன் அவரை நோக்கி முன்னிலையில் பேசுகிறான். இருட்டில் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க இயலாது. அவரை அழைக்கத்தான் இயலும். எத்தனை அடக்க ஆராதனைகளில் அதை வாசித்திருக்கிறோம். இம்மாற்றத்தை நாம் கவனித்தது குர்ஆன் உரைகளைப் படித்த பின்னரே. தமிழ் இலக்கணத்தில் இடவழுவமைதி என்று ஒன்று உண்டு. ஆனால் அது வழுவைப் பொறுத்துக்கொள்வதாகும், அரபியர் இதனை வழுவென்றே கருதவில்லை.

முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றுவோர் கட்டாயம் படிக்க வேண்டியது ஐம்பத்தைந்தாம் அத்தியாயமாகிய அர்ரஹ்மான். மனிதனைப் படைத்து அவனுக்குத் தெளிவாகப் பேசும் ஆற்றலைக் கற்றுத்தந்தவன் இறைவன் என்று அது தொடங்குகிறது. அவ்வாற்றலுக்கு அங்கே வழங்கும் ‘பயான்’ என்னும் சொல்லே பிற்காலத்தில் அணியிலக்கணத்தின் ஒரு கிளைக்கும் பெயராயிற்று. நம் ஊர்களில் முஸ்லிம் பெருமக்கள் மார்க்கச் சொற்பொழிவைப் பயான் என்பதும் அதனாலேயே. பின்னர் சூரியனும் சந்திரனும். தராசு, தராசு, தராசு என்று அடுத்தடுத்த மூன்று வசனங்களில் அளவில் குறைக்காதிருக்கும் எச்சரிக்கை. வணிக நகரமாகிய மக்கா அதைக் கேட்டது. பின்னர் இரு கடல்கள், அவற்றிடையே தடுப்பு, அவ்விரண்டிலிருந்தும் முத்தும் பவளமும், மலைபோல் உயர்ந்து செல்லும் மரக்கலங்கள். 78 வசனங்களில் 31 முறை, உங்கள் இருவருடைய இறைவனின் கொடைகளில் எதனை நீங்கள் இருவரும் மறுப்பீர்கள் என்னும் பொருளுடைய பல்லவி திரும்ப வருகிறது.

‘இருவர்’ என்பதே இங்குத் திறவுகோல். அரபியில் ஒருமை, பன்மை என்பவற்றோடு இருமை என்னும் எண்ணும் உண்டு. தமிழில் இல்லை, எனவே நம் மொழிபெயர்ப்புகள் அடைப்புக்குறியிட்டு விளக்க நேர்கிறது. மனிதர், ஜின் என்னும் இரு படைப்புகளை நோக்கியது இப்பேச்சு. இரு கிழக்கு, இரு மேற்கு, இரு கடல், இரு தோட்டம் என யாவும் இணை இணையாக வருகின்றன. இருமையின் விகுதியாகிய ‘ஆன்’ என்பதே வசனங்களின் இயைபாகவும் ஒலிக்கிறது. இதில் ஒரு சுவையான வழக்கு உண்டு. 9ஆம் நூற்றாண்டின் இலக்கணியான ஃபர்ரா, தோட்டம் ஒன்றாகவே இருக்கலாம், இயைபுக்காக இருமை வந்தது என்றார். அதே நூற்றாண்டின் இப்னு குதைபா சினந்தெழுந்தார்: இயைபுக்காக இறைவன் எண்ணிக்கையை மாற்றுவானோ? சொல்லழகா, பொருளா என்னும் இவ்வழக்கு நம் திருமறைக் கவிதைகளுக்கும் உரியதே. மாணவர் இதனை வகுப்பில் விவாதிக்கலாம்.

முத்தைப் பற்றியும் வினா எழுந்தது. முத்து உவர்க்கடலில் அல்லவா விளையும். நன்னீரும் உவர்நீருமாகிய இரண்டிலிருந்தும் என்பது எப்படி? 1144இல் காலமான ஸமக்ஷரீ, இரண்டும் கலந்து நிற்பதால் ஒன்றுபோல் கருதி அவ்வாறு கூறப்பட்டது என்றார். ஊரிலிருந்து புறப்பட்டேன் என்பவன் ஊர் முழுவதிலிருந்துமா புறப்பட்டான், ஒரு தெருவிலிருந்தல்லவா என்பது அவர் தந்த உவமை. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அருகே வாழ்வோர்க்கு இவ்விளக்கம் கடினமன்று. மன்னார் வளைகுடாவில் 1961க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அக்கடலில் மூழ்கியோரின் வழித்தோன்றல்கள் இரு சமயத்திலும் இக்கரையில் உள்ளனர். அவர்கள் அவ்வசனத்தைக் கேட்கும்போது நம் ஊர்ப் பள்ளிக் கிணற்றைக் குறித்துக் கேட்பதுபோல் கேட்கின்றனர். பல்லவி திரும்பத் திரும்ப வருவதைச் சலிப்பென்று கருதுவோர் நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தை நினைப்பாராக. அங்கே 26 வசனங்களிலும் ஒரே பல்லவி.

இவ்வேதம் தமிழ்க் கரையில் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதையும் சுருங்கக் கூறுவோம். காயல்பட்டணத்தில் 1632இல் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா அரபியில் கவி செய்த மேதை. அதே ஊரில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினார். எட்டயபுரத்து உமறுப்புலவரோ சீறாப்புராணத்தில் அரபு நாட்டையே வயலும் தாமரையுமாகத் தமிழ் நிலமாக்கிப் பாடிவிட்டார். அரபு மணலைக் கண்டிராத செவிக்கு அந்நபியின் வரலாற்றைக் கொண்டுசெல்ல அவர் கண்ட வழி அது. நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தில் செய்ததும் இதை ஒத்ததே.

இறுதியாக, நமக்கும் அவர்களுக்கும் இடையே மெய்யாகவே நிற்கும் வேறுபாட்டைத் தொடாமல் விடலாகாது. நூற்றுப்பன்னிரண்டாம் அத்தியாயம் நான்கு குறு வசனங்களால் ஆனது. இறைவன் ஒருவன், அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்பது அதன் சாரம். நம் சபையார் இதனை நம் திரித்துவ விசுவாசத்தின்மேல் எறிந்த கல்லாகவே எண்ணுகின்றனர். மரபோ, மக்கத்து இணைவைப்போர் உன் இறைவனின் வம்சாவளியைக் கூறு என்று நபியிடம் கேட்டதற்கு இது விடையாய் எழுந்தது என்கிறது. அவர்கள் லாத், உஸ்ஸா, மனாத் என்னும் பெண்தெய்வங்களை இறைவனின் புத்திரிகள் என்றவர்கள். உடலியலான பிறப்பித்தலை அது மறுக்கிறது. அதனை நாமும் மறுக்கிறோம். ஆனால் ஜெர்மானிய அறிஞர் அங்கெலிகா நோய்விர்த் இதில் யூதரின் ஷெமா அறிக்கையின் ஒலியையும், நிசேயா விசுவாசப்பிரமாணத்துக்கு மறுமொழியையும் கேட்கிறார். முஸ்லிம் வாசகரும் இதனை நமக்கு எதிராகவும் படித்துவந்துள்ளனர். ஆகவே சூழல் நமக்கு ஒரு தவறான பகையை நீக்குகிறது, வேறுபாட்டை நீக்குவதில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த ஆலிம்சாவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அர்ரஹ்மானை அவர் ஓதக் கேட்டோம். பொருள் தெரியாமலே அந்த ‘ஆன்’ ஒலி அலைபோல் வந்து மோதியது. ஓதி முடித்து அவர், “ஐயா, உங்கள் சபூரில் பாபிலோன் ஆற்றங்கரையில் அழுகிற பாட்டு ஒன்று உண்டல்லவா? அதன் கடைசியில் குழந்தைகளைக் கல்லில் அடிப்பதைப் பற்றி வருகிறதே, அது என்ன?” என்று கேட்டார். நூற்று முப்பத்தேழாம் சங்கீதம். எருசலேம் இடிக்கப்பட்டதையும், சிறைப்பட்டோர் கண்முன் நடந்த கொடுமைகளையும், அந்த வரி கட்டளையன்று, காயப்பட்டவர்களின் கூக்குரல் என்பதையும் அரைமணி நேரம் விளக்கினோம். பொறுமையாய்க் கேட்டார். பின்னர், “கோவிலில் அதை வாசிப்பீர்களா?” என்றார். பல சபைகளின் வாசக அட்டவணைகளில் அவ்வசனங்கள் விடப்பட்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.